சூளை இல்லாத முற்றத்தில் சுட்ட பானை

போன இதழில், பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோக்கோஸ் பகுதியில் சூளையே கட்டாமல் வெட்டவெளியில் பானை சுடுகிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதினேன். இந்தப் பகுதியில் நான் எழுதிய வேறு எதுவும் இத்தனை பேருக்குக் கோபம் மூட்டியதில்லை. அதிலும் பானைத் தொழில் செய்த வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில் சூடு அதிகம். நானும் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்தான். அப்பாவின் சூளைச் சாம்பலில் விளையாடி வளர்ந்தவள்.

இலோக்கோஸ் இருப்பது லூசோன் தீவின் வடக்கில். மகள் அங்கே மருத்துவம் படித்தபோது, மூன்று வருடங்கள் மழையில்லாத மாதங்களில் லாவோக் நகரில் அவளோடு போய்த் தங்கினேன். அவள் வகுப்புக்குக் கிளம்பியதும் நான் டிரைசைக்கிள் பிடித்து, பட்சான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் இருக்கும் சான் நிக்கோலாசுக்குப் போவேன். அங்கே பானை செய்யும் ஒரு மூதாட்டியின் முற்றத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும். வயதில் மூத்த பெண்களை அங்கே 'நானா' என்று அழைக்கிறார்கள். (நாகூர்ப் பக்கம் நானா என்றால் அண்ணன். எனக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று.) கீழே வருகிற நானா அவர்தான். இனிக் கடிதங்கள்.

கேள்வி: 'சூளை மூடாமல் பானை வேகாது' என்பார் என் தாத்தா. அறுபது வருடம் சக்கரம் சுற்றியவர். நீங்கள் எழுதியது நேரில் கண்டதா, யாரோ சொன்னதா?
— வாசகர், திண்டுக்கல்

நேரில் கண்டது ஐயா, ஒரு தடவை அல்ல, பல தடவை. தாத்தா சொன்னது அவருடைய பானைக்குச் சரி. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் உங்களைப் போலத்தான் கடிதம் எழுதியிருப்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். சுடுகிற நாளன்று காலையிலேயே இன்னும் சுடாத அறுபது சொச்சம் பச்சைப் பானைகளை நானா முற்றத்து வெயிலில் பரப்பிவிடுவார். ஏற்கெனவே நிழலில் பல நாள் காய்ந்தவைதான். இருந்தாலும் அன்று பகல் முழுவதும் அவற்றைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பார். தொட்டால் கை சுடும் அளவுக்கு ஏறிய பிறகுதான் அடுக்கும் வேலை. தரையில் பழைய உடைந்த ஓடுகளைப் பரப்பி, அதன்மேல் பிளந்த மூங்கிலும் விறகும். அதன்மேல் பானைகள், வாய் பக்கவாட்டில் சாய்ந்திருக்க, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இரண்டு அடுக்கு. இடைவெளிகளில் மறுபடி ஓட்டுத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல், கூரை வேய்வது போல, ஒரு முழத்துக்கும் மேல் கனமாக. வைக்கோலுக்கு அந்தப் பகுதியின் இலோக்கானோ மொழியில் கராமி என்று பெயர். அறுவடை முடிந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பகலில் கடற்காற்று வீசும். எனவே பொழுது சாய்ந்து காற்று அடங்கும் வரை காத்திருப்பார்கள். காற்று வந்து மோதும் பக்கத்தில் அல்ல, அதற்கு நேர் எதிர் ஓரத்தில் நெருப்பு வைப்பார்கள். அப்போதுதான் அது காற்றை எதிர்த்து மெதுவாக ஊரும். காற்றோடு ஓட விட்டால் ஒரே மூச்சில் எரிந்து முடிந்துவிடும்.

இனி உங்கள் தாத்தாவின் கேள்விக்கு வருகிறேன். சூளைச் சுவர் என்ன செய்கிறது? சூட்டைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. இங்கே அந்த வேலையைச் சாம்பல் செய்கிறது. நெல் வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா மிகுதி. விறகுச் சாம்பல் போல அது பொடிந்து பறந்துவிடாது. எரிந்த பிறகும் வைக்கோலின் உருவம் கெடாமல், வெள்ளைப் போர்வையாகப் பானைகளின் மேல் படிந்துகொள்ளும். போர்வையில் எங்காவது ஓட்டை விழுந்து உள்ளே சிவப்புத் தெரிந்தால், நானாவின் மருமகன் ஓடிப்போய் அங்கே இன்னொரு பிடி வைக்கோலைப் போடுவார். ஒரு தடவை எரியும் நேரம் ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி. இருட்டில் சுடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கனலின் நிறம் தெரியும். மங்கிய சிவப்பு போதாது, செர்ரிப் பழச் சிவப்பு வர வேண்டும். வெப்பமானி எதுவும் அந்த முற்றத்தில் கிடையாது.

மண் ஓடாவதற்கு 1,000 டிகிரி வேண்டியதில்லை. களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் ஒன்று உண்டு. அது 450 முதல் 600 டிகிரி செல்சியசுக்குள் வெளியேறிவிடும். வெளியேறிய பிறகு அந்த மண்ணை மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் திரும்பச் சேறாகாது. வெட்டவெளி நெருப்பு 600-லிருந்து 850 டிகிரி வரை தாராளமாகத் தொடும். பானை வெந்துவிட்டது என்பதற்கு அதுவே போதும். உங்கள் தாத்தாவின் பானை இதைவிடக் கெட்டியாக வெந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கெட்டியாக வேகாதது குறையா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னால் வருகிற கடிதத்தில் பேசுகிறேன்.

கேள்வி: பானை வனையும் தொழிலுக்கு அவர்கள் மொழியில் 'டமிலி' என்று பெயர் எனக் குறிப்பிட்டிருந்தீர்கள். இது 'தமிழி'யிலிருந்து வந்ததுதானே? சோழர் காலத்தில் நம்மவர் கற்றுக்கொடுத்திருக்கக் கூடுமே?
— வாசகர், தஞ்சாவூர்

இல்லை. ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். டமிலி என்றால் மண்ணைக் கையால் உருவாக்குவது. இலோக்கானோ ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்க்கும் ஹவாய் மொழிக்கும் உறவு. வடக்கு லூசோனில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் காகயான் பள்ளத்தாக்கில், செங்காவி பூசிய பானை ஓடுகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழைமையோடு கிடைத்திருக்கின்றன. சோழர் அப்போது எங்கே இருந்தார்கள்?

நீங்கள் மனம் நோக வேண்டாம். அவர்கள் மாம்பழத்தை 'மங்கா' என்கிறார்கள். அது நம் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதை எடுத்துக்கொள்ளுங்கள், பானையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு சுற்றுலாவாக விகான் நகருக்குப் போயிருந்தோம். அதுவும் இலோக்கோஸ்தான். அங்கே சக்கரத்தில் ஜாடி வனைந்தார்கள். ரயில் பெட்டி போல நீளமான சூளையும் இருந்தது. 'சக்கரமில்லை, சூளையில்லை' என்கிறீர்களே, எது உண்மை?
— வாசகி, புதுச்சேரி

இரண்டும் உண்மை. நீங்கள் பார்த்தது புர்னாய் என்ற ஜாடி. நான் எழுதியது பங்கா என்ற பானை.

விகான், லாவோக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கைத்தொழில் புர்னாய். எருமையை மண்ணின்மேல் நடக்கவிட்டு மிதிக்க வைப்பார்கள் (அந்த எருமைக்கு நுவாங் என்று பெயர்; சேற்றில் அது நடக்கிற நடையில் ஒரு அலட்சியம் இருக்கும், பார்த்திருப்பீர்கள்). பிறகு சக்கரம், பிறகு நீளச் சூளை. அந்தச் சூளையில் வெப்பம் 1,200 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடி போலாகித் துளைகளை அடைத்துவிடும். தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும். மீனை உப்பிட்டுப் புளிக்க வைக்கும் பகோங், வினிகர், கரும்புச்சாற்று மது ஆகியவற்றை மாதக்கணக்கில் வைக்க இதுதான் சரி. கசியாது, புளிப்பு அரிக்காது.

அந்தக் கரும்பு மதுவின் பெயர் பாசி. குளத்துப் பாசி அல்ல. கரும்புச்சாற்றைக் காய்ச்சி, இலைகளும் மரப்பட்டையும் சேர்த்துப் புளிக்க வைப்பது. வீட்டில் பாசி காய்ச்சக் கூடாது, அரசு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்று ஸ்பானிய ஆட்சி கெடுபிடி செய்தபோது, 1807-இல் இலோக்கோஸ் மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கினார்கள். 1821-இல் எஸ்தேபன் வில்லானுவேவா என்ற ஓவியர் அந்தக் கதையை 14 படங்களாக வரைந்தார். கிளர்ச்சி நடந்த ஆண்டு வானில் தெரிந்த வால்நட்சத்திரமும் படத்தில் இருக்கிறது. விகானுக்குப் போயும் அதைப் பார்க்காமல் வந்திருந்தால் இன்னொரு முறை போங்கள்.

பங்கா என்பது அடுப்பில் ஏற்றும் சமையல் பானை. புர்னாயைக் கொண்டுபோய் அடுப்பில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று இரண்டாகப் பிளக்கும். அதில் துளை இல்லை, நெகிழ்வு இல்லை. அடிப்பக்கம் சூடேறி விரியும்போது மேல்பக்கம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியைத் தாங்க அதற்கு வழியில்லை. பங்காவின் மண்ணில் மணல் கலந்திருக்கிறது, குறைந்த சூட்டில் வெந்ததால் நுண்துளைகள் மூடாமல் இருக்கின்றன. மயிரிழை விரிசல் ஒன்று புறப்பட்டால் அடுத்த மணலிலோ துளையிலோ முட்டி நின்றுவிடும். நாள்தோறும் மூன்று வேளை நெருப்பில் ஏறி இறங்கும் பானைக்கு இந்த நெகிழ்வுதான் உயிர். குறைந்த நெருப்பில் சுட்டதால் அது மட்டமான பானை என்று ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் இதுவே பதில்.

கேள்வி: சக்கரமில்லாமல் இத்தனை உருண்டையாக எப்படி வருகிறது? நம் தட்டுப்பலகை அங்கேயும் உண்டா?
— வாசகர், மானாமதுரை

மானாமதுரையிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். உண்டு. பானைச் சுவருக்கு உள்ளே ஆற்றுக் கூழாங்கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டுவது. நாம் சக்கரத்தில் கழுத்தையும் உடலையும் ஏற்றிவிட்டு அடிப்பகுதியைத் தட்டி மூடுகிறோம். நானா ஒரு மண் உருண்டையைக் குடைந்து, தட்டின்மேல் வைத்து இடது கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே, ஈரத் துணியால் விளிம்பை முதலில் முடித்துவிடுவார். அந்த நிலையில் அது கனத்த சுவரோடு, குட்டையாக, பானை என்று சொல்லவே முடியாத உருவத்தில் இருக்கும். விளிம்பு இறுகிய பிறகு தட்டத் தொடங்குவார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து வயிறு வெளியே வரும். மண்ணும் இறுகும். அடியில் மூலையே இல்லாத உருண்டை. மூலை இருந்தால் சூட்டில் விரிசல் அங்கேதான் பிடிக்கும். தரையில் வைத்தால் உருளும், ஆனால் அது தரையில் வைப்பதற்கு உரியதல்ல. டலிக்கான் என்ற மண்ணடுப்பின் மூன்று குமிழ்களில் உட்கார வைப்பது.

நான் பார்த்த முற்றத்தில் வனைவது பெண்கள். மண் வெட்டிச் சுமப்பதும் விறகு பிளப்பதும் ஆண்கள். என் அப்பாவின் வீட்டில் இது தலைகீழ். அம்மா மண் மிதித்தார், சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

கேள்வி: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மொட்டைமாடியில் ஆறு சிறு பானைகளை அடுக்கி, விறகு வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பத்தே நிமிடத்தில் பட்டாசு போல வெடித்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மண் கடையில் வாங்கிய நல்ல மண். மூன்று நாள் நிழலில் காய வைத்தேன். எங்கே தவறு?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

எங்கே தவறில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருக்கும், கண்ணு. கோபித்துக்கொள்ளாதே. கண்ணில் தெறிக்காமல் தப்பித்தாயே, அதுவே பெரிது.

முதலில் இடம். மொட்டைமாடியில் இனி ஒருநாளும் சுடாதே. கான்கிரீட்டும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூடேறினால் அதுவும் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். வெறும் மண் தரையாக, பக்கத்தில் எதுவும் இல்லாத இடமாகப் பார்.

அடுத்து ஈரம். உன் பானைகளை வெடிக்க வைத்தது நெருப்பு அல்ல, தண்ணீர். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரியும். வெளிப்புறம் வெளுத்துவிட்டால் பானை காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். சுவரின் நடுவிலும், முக்கியமாகக் கனத்த அடியிலும், ஈரம் பதுங்கியிருக்கும். பானையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நானா இதைத்தான் செய்வார், என் அப்பாவும் இதைத்தான் செய்தார். இடையில் ஒரு கடலே இருந்தும் இருவருக்கும் ஒரே பழக்கம்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது ஒரு நொடியில் பெருஞ்சூட்டைக் கொண்டுவந்து கொட்டும். வெட்டவெளி நெருப்பில் முதல் அரை மணி நேரம்தான் ஆபத்து. 100 டிகிரியை மெதுவாகத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. அதனால்தான் நானா பகல் முழுவதும் வெயிலில் சூடேற்றுகிறார். உனக்கு வெயில் போதாவிட்டால், பானைகளைச் சுற்றி ஒரு முழம் தள்ளிச் சிறு நெருப்பு வளையம் மூட்டி, ஒரு மணி நேரம் வாட்டு. பானைகளைத் திருப்பி வை. பிறகு நெருப்பைக் கிட்டே கொண்டுவா.

கடைசியாக, அந்த 'நல்ல மண்'. அதுதான் எனக்குச் சந்தேகம். கடையில் விற்பது நைசாகச் சலித்த மண். அலங்காரப் பொம்மைக்கு அது அழகு, வெட்டவெளி நெருப்புக்கு எமன். உள்ளே இருக்கிற ஆவி வெளியேற அதில் வழியே இல்லை. சலித்த ஆற்று மணல், ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்று தொடங்கிப் பார். கையில் சொரசொரவென்று உறுத்த வேண்டும். நானா எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. மண்ணைக் கயிறாகத் திரித்து விரலில் சுற்றுவார். வெடித்தால் மணல் அதிகம். வெடிக்காமல் வழவழவென்று சுற்றிக்கொண்டால் மணல் போதவில்லை. வெடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கினால், அது சரியான பதம்.

ஆறும் போய்விட்டதே என்று வருந்தாதே. 'குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை' என்பார்கள். அங்கே நான் தடிகாரியாகவே இருந்திருக்கிறேன். முதல் வருடம், நான் வனைந்த ஒரு பானையையும் அடுக்கில் வைக்கச் சொல்லி நச்சரித்தேன். நானா கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு ஊர் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது, கெஞ்சினேன். வைத்தார். என்னுடையது வெடித்ததோடு நில்லாமல் பக்கத்தில் இருந்த அவருடைய மூன்று பானைகளையும் சேர்த்துக் கொண்டுபோனது. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அடுத்த வருடம் போனபோது, அடுக்கின் இடைவெளியில் செருகுவதற்கு என் பானையின் ஓட்டுத் துண்டையே எடுத்து என் கையில் கொடுத்தார். மறந்துவிடவில்லை என்று காட்டத்தான்.

கேள்வி: போன இதழ்ப் படத்தில் இருந்த பானைகளில் கரும் திட்டுகள். சரியாக வேகவில்லையா?
— வாசகர், சேலம்

வெந்தவைதான். எரிகிற வைக்கோலோ விறகோ ஒட்டிக் கிடந்த இடத்தில் காற்று போதாமல் கரி உள்ளே தங்கிவிடும். காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலிருக்கும் இரும்பு சிவந்துவிடும். பானை முழுவதும் கறுப்பாக வேண்டுமானால், கனலாக இருக்கும்போதே உமிக்குள் புதைத்துவிட வேண்டும். முதல் நாள் சமையலிலேயே அடி முழுக்கக் கரி ஏறப்போகிற பானைக்கு இரண்டு திட்டு ஒரு பொருட்டா? பூந்தொட்டி வாங்க வருகிறவர்கள்தான் அதைப் பார்த்து விலை குறைக்கிறார்கள்.

கேள்வி: நான் சுட்ட அகல்கள் நன்றாக வந்தன. இரண்டு வாரம் கழித்து அங்கங்கே வெள்ளைப் புள்ளி கிளம்பி, மேல்தோல் பொரிந்து உதிர்கிறது. சூட்டைக் கூட்ட வேண்டுமா?
— வாசகி, ராமநாதபுரம்

குறைக்க வேண்டும். உங்கள் மண்ணில் கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறது. ஏறக்குறைய 800 டிகிரியில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பும். மேலே இருக்கிற மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மண்ணைக் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். முடியாவிட்டால் 700-ஐ ஒட்டி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கப்பலில் வேலை செய்கிறேன். உங்கள் கட்டுரைக்கு முன்பே லாவோக் சந்தையில் ஒரு பங்கா வாங்கி வந்திருந்தேன். தண்ணீர் ஊற்றினால் வியர்க்கிறது. கேஸ் அடுப்பில் வைத்துச் சூடேறியதும் தண்ணீர் ஊற்றினேன், கீறல் விட்டுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், தூத்துக்குடி

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பானையைத்தான் நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள். வெறும் பானையைச் சூடேற்றிப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்புச் சட்டியே முகம் சுளிக்கும்.

வியர்ப்பது குணம். தண்ணீர்ப் பானையானால் அந்த வியர்வை ஆவியாகித்தான் உள்ளே குளிர்கிறது. சமையலுக்கானால், முதலில் ஓர் இரவு தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு கஞ்சித் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். மாவு துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கிழக்கே மலையில் இருக்கும் கலிங்கா மக்கள், நெருப்பிலிருந்து எடுத்த சூட்டோடேயே பானையில் மரப்பிசினைத் தேய்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கஞ்சி வேலை மிச்சம். (பெயரைப் பார்த்ததும் ஒடிசாவுக்குப் போய்விடாதீர்கள். தஞ்சாவூர் வாசகருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.)

பழகிய பங்காவில் அவர்கள் சமைப்பது பினாக்பெட். கத்தரிக்காய், பாகற்காய், வெண்டைக்காய், தக்காளி, பகோங். பெயருக்கே 'சுருங்கியது' என்றுதான் பொருள்; காய்கள் தம் நீரிலேயே வதங்கிச் சுருங்கும் வரை சின்னத் தீயில் கிடக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் நானாவுக்குப் பிடிக்காது. பானையின் கழுத்தை இரண்டு கையாலும் துணியோடு பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான். அந்தப் பாகற்காயின் ருசியை எவர்சில்வரில் கொண்டுவர மூன்று வருடமாக முயல்கிறேன்.

கேள்வி: ஏழைப் பெண்கள் புகையில் மூச்சுத் திணறுவதை நீங்கள் ரசித்து எழுதுகிறீர்கள். அவர்களுக்கு ஒரு கேஸ் சூளை வாங்கிக் கொடுப்பதல்லவா நியாயம்?
— சமூகப் பணியாளர், சென்னை

புகையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நானாவின் இரண்டு முன்கைகளிலும் சூட்டுத் தழும்பு உண்டு. சுடும் நாள் இரவில் அவர் இருமுவதைக் கேட்டிருக்கிறேன். போன கட்டுரையில் அதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

ஆனால் கேஸ் சூளை? அவர்கள் சூளை அறியாதவர்கள் அல்லர். லாவோக் நகரின் பழைய மணிக்கூண்டு செங்கல். யுனெஸ்கோ 1993-இல் பட்டியலிட்ட பாவாய் தேவாலயத்திலும் பவளப்பாறைக் கல்லோடு செங்கல். ஸ்பானியர் காலத்திலிருந்து செங்கல் சுட்டுக் கட்டிய மாவட்டம் அது. செங்கல்லுக்கு ஒரு நெருப்பு, சமையல் பானைக்கு வேறு நெருப்பு என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். கேஸ் சூளையில் வைத்து, அது தருகிற சூடு முழுவதையும் கொடுத்துவிட்டால் பங்கா கெட்டியாகும், அடுப்பில் உடையும். குறைந்த சூட்டில் நிறுத்திச் சுடலாம்தான்; அப்படியானால் வைக்கோலுக்குக் கொடுக்காத காசை எரிவாயுவுக்குக் கொடுத்து, அதே பானையை எடுக்கிறீர்கள். அந்தக் காசை யார் தருவது?

நானாவிடமே கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. கூரை வேண்டும் என்றார். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புயலும். அந்த மாதங்களில் பச்சைப் பானையும் காயாது, வைக்கோலும் நனைந்துவிடும், வருமானம் நின்றுவிடும். நான்கு கம்பம் நட்டு மேலே தகரம் போட்ட ஒரு கொட்டகை. நன்கொடை தருகிறவர்கள் யாருக்கும் கொட்டகையில் ஆர்வமில்லை, அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அவருடைய மகள்கள் இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. மூத்தவள் ஹவாயில் இருக்கிறாள். 1906-இல் கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் 15 பிலிப்பைன்ஸ்காரர்கள் ஹவாய்க்குக் கப்பலேறினார்கள். அதன்பின் போனவர்களில் பெரும்பாலோர் இலோக்கானோக்கள். அந்த ஊரில் ஹவாயில் உறவில்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அனுப்பும் டாலரில்தான் நானாவின் மருந்துச் செலவு நடக்கிறது, பானையில் அல்ல. அதைப் பற்றி நானாவுக்கு வருத்தமா என்று கேட்டேன். 'அவளுக்கு இடுப்பு வலி இல்லை' என்றார்.

கேள்வி: உங்கள் பானை வெடித்த கதையை எங்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டுச் சிரித்தோம். பிறகு நீங்கள் வனைந்தது ஒன்றாவது தேறியதா?
— வாசகி, விருத்தாசலம்

இரண்டாம் வருடம் ஒன்று முழுதாக வெளியே வந்தது. நானா விரல் முட்டியால் தட்டினார். 'டொக்' என்றது. விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிந்துவிடும். அதுவும் ஓட்டுக் குவியலுக்குப் போயிற்று.

மூன்றாம் வருடம் நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் வனைந்ததை, பன்னிரண்டு நாள் காய வைத்தேன். விமான டிக்கெட்டை மாற்றினேன், மகள் திட்டினாள். நீளக் கம்பால் சாம்பலிலிருந்து அதை வெளியே தள்ளியபோது ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. ஆறும் வரை நானா யாரையும் தொட விடவில்லை. பிறகு தட்டினார். ஒலித்தது. சந்தைக்குப் போகும் வரிசையில் வைப்பார் என்று பார்த்தேன், வைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விடைபெறப் போனபோது அது அவருடைய டலிக்கான்மேல் இருந்தது, உள்ளே பினாக்பெட். சாப்பிட்டு முடித்த பிறகு பானையைத் தூக்கிக் கையில் எடை பார்த்து, அடியைச் சுண்டிக் காட்டி, 'நாடக்சென்' என்றார். கனம் என்று பொருள். கனம்தான். அடியை இன்னும் ஒரு சுற்றுத் தட்டியிருக்க வேண்டும்.